பொரித்த மீன்கடை மேலே போன கதை

சொல்லப்போவதில் ஒரு சொல்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லப்படவில்லை. உப்பின் மேல் ஆணை. அதுவும் எந்த உப்பு? மார்ல்விச் ஊரின் காலடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, இரும்புத் தொட்டியில் காய்ச்சி, மர அச்சில் இறுக்கிக் கட்டியாக்கிய உப்பு. அந்த உப்பைத் தின்று பாதி ஆயுளைக் கழித்தவன் அதன் மேல் பொய்ச்சத்தியம் செய்தால் நாக்கு வெந்துபோகும் என்பார்கள். நாக்கு இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

அடியில் இருக்கும் உப்பை மேலே எடுத்தால், மேலே இருக்கும் ஊர் அடியில் போகும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மார்ல்விச் தேவாலயத்துக்குள் ஒரு காலத்தில் படியேறிப் போனார்கள். பிறகு நேராக நடந்து போனார்கள். இப்போது ஜன்னல் வழியாக இறங்கிப் போகிறார்கள். போதகருக்கு இதில் குறையே கிடையாது. ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியவன் பிரசங்கத்தின் நடுவில் சத்தமில்லாமல் நழுவ முடியாது. பந்து உருட்டி ஆடும் புல்வெளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் குளமாகிவிட்டது. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு படகு வாங்கிக்கொண்டார்கள். சங்கத்தின் பெயரைக்கூட மாற்றவில்லை.

அங்கே வீடு என்பது பெட்டி. கனத்த மரச்சட்டங்களைப் போல்ட் போட்டு முடுக்கி, நடுவில் மட்டும் செங்கல் வைத்துப் பூசுவார்கள். வீடு புதைந்தால் நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் கட்டை அடுக்கிவிடுவார்கள். அதற்குப் பெயர் நிமிர்த்தல். ஜாக்கி என்றால் காருக்கு வைக்கிற சின்னச் சாமான் இல்லை. இடுப்பு உயரத்துக்கு வார்ப்பிரும்பு, தலையில் நீளத் தண்டு செருகித் திருகுவது. வேறு ஊர்களில் கல்யாணத்துக்குக் கடிகாரம் கொடுப்பார்கள். மார்ல்விச்சில் மாப்பிள்ளைக்கு ஜாக்கி.

நிமிர்த்தலுக்கு முறை உண்டு. முதலில் புதைந்த மூலையை மட்டும் திருகி, வீட்டைச் சாய்வில்லாமல் கொண்டுவர வேண்டும். அதன்பிறகு நான்கு மூலைக்காரர்களும் சேர்ந்து திருகித் தெரு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். தெருவில் மணிக்காரி நிற்பாள். அவள் ஒருதரம் மணி அடித்தால் நால்வரும் கால் சுற்று. உயரம் போதும் என்று நினைப்பவன் தொப்பியைக் கழற்றுவான். நால்வரும் கழற்றினால்தான் மணி நிற்கும். ஒரே ஒரு தலையில் தொப்பி மிஞ்சியிருந்தாலும் எல்லோரும் திருகத்தான் வேண்டும். முதலில் கழற்றுகிறவனுக்குச் ‘சீக்கிரம் வியர்த்தவன்’ என்று பெயர் விழும். அந்தப் பெயர் அவனோடு போகாது. பேரன் பெண் பார்க்கப் போகும் இடத்திலும் கேட்பார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. நிமிர்த்தும்போது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வீட்டுக்காரி உள்ளேயே நின்று சமைக்க வேண்டும். அவள் வெளியே வந்து நின்றால், தூக்குகிறவர்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள்.

கெஸியா ஹல்ஸின் பொரித்த மீன்கடை கால்வாய்த் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. கடைசி வீடு ரூபன் டட்டனுடையது. டட்டன் வீட்டுப் பக்கத்து முன்மூலை, நம் கணக்கில் ஈசான மூலை, எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியிருந்தது. கடைக்குள் போக வேண்டுமானால் தெருவிலிருந்து படியிறங்க வேண்டும். உள்ளே எல்லாம் சரிவு. சரிவுக்கு ஏற்ப மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றின் கால்களையும் கெஸியாவே ரம்பத்தால் அறுத்து வைத்திருந்தாள். அவள் கணவன் ஏனோக் ஒரு காலில் கனத்த அடித்தோல் வைத்த செருப்புப் போட்டிருப்பான். கடைக்குள் நேராக நடப்பான், தெருவுக்கு வந்தால் நொண்டுவான். பொரிக்கும் தொட்டியில் மாட்டுக் கொழுப்பு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் விரலளவும் நிற்கும். ஆழத்தில் மீன், விரலளவில் உருளைக்கிழங்கு. ஒரே நெருப்பில் இரண்டும் பதமாக வரும். மேட்டுத் தெருக் கடைக்காரனுக்கு இது வராது. அவன் தொட்டி நேராக இருந்தது.

ஜன்னல் வழியாகக் கெஸியாவுக்கு ஊர் தெரியும், முழங்காலுக்குக் கீழே. ஆணி அடித்த பூட்ஸ், இடது குதிகால் தேய்ந்தது என்றால் தபால்காரர். அவருக்கு வினிகர் தூக்கலாக இருக்க வேண்டும். வாருக்குப் பதில் சணல் கட்டியது என்றால் படகுக்காரன். இரண்டு மீன், பட்டாணி மசியல், கடன் சொல்லமாட்டான், கதை சொல்லுவான். வாசலில் பூட்ஸ் வந்து நிற்கும்போதே மீன் தொட்டிக்குள் போய்விடும், பொட்டலம் ஜன்னல் வழியாகவே மேலே போய்விடும். முகங்களைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது, அவள் அதை உணர்ந்ததில்லை.

ஒரே ஒரு ஜோடிக் காலணி மட்டும் அந்த வாசலில் நிற்பதில்லை. பழுப்பு நிறம், பக்கவாட்டில் ஒரு வளையம். வெள்ளிக்கிழமை தோறும், மழையோ பனியோ, அது கடைக்கு முன்னால் வரும்போது தெருவின் மறுபக்கம் தாண்டி, மேட்டுத் தெருக் கடைக்குப் போகும். அது மில்லி டட்டன், ரூபனின் மனைவி.

அந்த வருடம் பனிக்காலம் முடியும் தறுவாயில் நகரசபையிலிருந்து மிஸ்டர் லெதர்பரோ வந்தார். நல்ல மனிதர், குடையோடு பிறந்தவர். படியிறங்கி வந்து, தரையில் தன் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது.

“மிஸஸ் ஹல்ஸ், இதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது. வாசற்படி தெருவுக்குக் கீழ இருக்கு. ஈஸ்டருக்குள்ள தெரு உயரத்துக்கு வரலேன்னா இடிச்சிருவாங்க.”

“இடிச்சிட்டு?”

“மேட்டுல புது வீடு குடுப்பாங்க. செங்கல் வீடு. குழாயத் திறந்தா சுடுதண்ணி.”

“மீன் பொரிக்கலாமா?”

“அங்க குடியிருக்கலாம். பொரிக்கக் கூடாது. வாடை ஆகாதாம்.”

“அப்ப அது வீடு இல்ல, மிஸ்டர் லெதர்பரோ. அது ஆஸ்பத்திரி. உட்காருங்க, ஒரு மீன் சாப்பிடுங்க. இந்த நாற்காலி வேணாம், நீங்க வெளியூர்க்காரர், விழுந்திருவீங்க. அதுல உட்காருங்க.”

அவர் விழாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். கெஸியா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த நெருப்பை மூட்டத் தொடங்கியபோது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போருக்குப் போன ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வந்த அன்று நேராக வீட்டுக்குப் போகாமல் இங்கேதான் வந்து நின்றார்கள். பூட்ஸைப் பார்த்தே யார் யார் என்று சொல்லி அழுதவள் அவள். மேட்டு வீட்டில் சுடுதண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“ஜாக்கி கேட்டுப் பார்த்தியா?” என்றாள் ஏனோக்கிடம்.

“மூணு மூலைக்கு ஆள் சொல்லியாச்சு. பின்னால யேட்ஸ் பயலுக ரெண்டு பேரு. இந்தப் பக்கம் நான்.”

“அந்த மூலைக்கு?”

ஏனோக் மீனின் செதிலை மும்முரமாகச் சுரண்டினான். அந்த மூலையின் கனத்தை ஊரில் ஒரே ஒரு ஜாக்கிதான் தாங்கும். அது ரூபன் டட்டனுடையது.

“வேற யாரோடதாவது வச்சுப் பார்க்கலாம்,” என்றான்.

“போன மாசம் ஒண்ண வச்சுப் பார்த்தியே. காரட் மாதிரி ஒடிஞ்சுது.”

“அது பழைய ஜாக்கி.”

“புது வீம்புய்யா உனக்கு.”

வீம்பு புதிதல்ல. பல வருடத்துக்கு முன்னால் டட்டன் வீட்டை நிமிர்த்தினார்கள். மில்லியின் அம்மா கொடுத்த பியானோ ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஊர் முழுக்க மேஜை நாற்காலியின் காலை அறுத்தபோதும், மில்லி அந்தப் பியானோவின் காலில் ரம்பம் பட விடவில்லை. அண்டை கொடுத்து நிறுத்தியிருந்தாள். நிமிர்த்தலின்போது வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. பியானோ அண்டையைத் தாண்டி உருண்டு, பின்கதவைத் திறக்காமலே வெளியே போய்க் கால்வாயில் விழுந்தது. கால்வாய்த் தண்ணீரில் அவ்வளவு உப்பு இருந்ததால் அது மூழ்கவில்லை. மிதந்துகொண்டே அடுத்த மதகுவரை போயிற்று. வழியில் மழை பெய்ததால் துளி விழுந்து விழுந்து ஏதோ வாசித்ததாக மதகுக்காரர் சொன்னார், நன்றாகவே இருந்ததாம். இழுத்து வந்து டட்டனின் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு வைத்தார்கள். ஏனோக் ஒரு சுற்று அதிகமாகத் திருகிவிட்டான் என்றான் ரூபன். ரூபன் சீக்கிரமே தொப்பியைக் கழற்றித் திருகுவதையும் நிறுத்தியதால்தான் குலுங்கியது என்றான் ஏனோக். ரூபனுக்குச் ‘சீக்கிரம் வியர்த்தவன்’ என்ற பெயர் விழுந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மறுநாள் கெஸியாவே உப்புக் காய்ச்சும் கொட்டகைக்குப் போனாள். உள்ளே நீராவி கம்பளி மாதிரி தொங்கும். தன் கையைத் தானே பார்க்க முடியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் இருமலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். தொட்டி முழுக்க உப்புநீர் கொதித்துக்கொண்டிருந்தது. மரக்கட்டைச் செருப்பில் நின்று, நீளக் கைப்பிடி போட்ட சல்லடைக் கரண்டியால் ரூபன் உப்பை ஓரத்துக்கு வாரிக்கொண்டிருந்தான். கெஸியாவின் கடையில் மீன் எடுக்கும் கரண்டியும் அங்கிருந்து போனதுதான். ஆள் நீளக் கைப்பிடி.

“யாரது, இருமாம நிக்கிறது?”

“நான்தான், கெஸியா.”

கரண்டி நின்றது. “எந்தக் கெஸியா?”

“ஊர்ல எத்தன கெஸியா இருக்கா? பக்கத்து வீட்டுக் கெஸியாதான்.”

“பக்கத்துல ஒரு வீடு இருந்துச்சு. இப்பக் கூரதான் தெரியுது. உள்ள இன்னும் ஆள் இருக்காங்களா?”

“இருக்கோம். ஈஸ்டர் வரைக்கும் இருப்போம். அப்புறம் இடிக்கப் போறாங்க.”

“கேள்விப்பட்டேன். குழாய்ல சுடுதண்ணி வருமாமே.”

“வருமாம். மீன் பொரிக்கக் கூடாதாம். நாத்தமாம்.”

“நாத்தந்தானே.”

“நாத்தந்தான். ஆனா காத்து உங்க வீட்டுப் பக்கம் அடிக்கிறப்ப, நீ பின்வாசல்ல ரொட்டியக் கையில வச்சுக்கிட்டு நிப்பியாமே. கதவுக்குக் கீழ பூட்ஸ் தெரியும் எனக்கு.”

 நீராவிக்குள் கரண்டி மறுபடி வாரத் தொடங்கியது.

“ஜாக்கி வரும்,” என்றான் ரூபன். “நிமிர்த்தக் கூப்பிட்டு வரமாட்டேன்னு சொன்னவன் இந்த ஊர்ல கிடையாது. என் ஜாக்கி வந்தா நானும் வருவேன். ஆனா வீட்டுக்காரன் வாயால கேக்கணும். அதுதான் முற.”

“அவன் கேக்கமாட்டானே.”

“நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். அதனாலதான் நிம்மதியா உப்பு வாருறேன்.”

“மில்லி எப்படி இருக்கா?”

“இருக்கா. எல்லார்கிட்டயும் பேசுறா.” கரண்டி தொட்டியின் விளிம்பில் தட்டப்பட்டது. “பியானோ பக்கம் மட்டும் போறதில்ல. வீட்டுக்குள்ள வச்சா உருளுது. கொட்டகையில வச்சா ஒரு பக்கம் சாயுது, சாஞ்சா சுருதி சேராதாம். காலை அறுக்கவும் விடமாட்டேங்கிறா.”

கெஸியா திரும்பினாள். நாலடி போய் நின்றாள்.

“ரூபன், நாளைக்குச் சாயங்காலம் எங்க ஜன்னலுக்கு முன்னால வந்து நில்லு. உள்ள குனிஞ்சு பாக்காத. சும்மா நில்லு.”

மறுநாள் சாயங்காலம் தூறல். ஏனோக் கோதுமை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. உப்பு ஏறி வெளுத்த பூட்ஸ்.

“அது ரூபன் டட்டன் பூட்ஸுல்ல?” என்றான் ஏனோக்.

“அப்படித்தான் இருக்கு,” என்றாள் கெஸியா.

“இங்க எதுக்கு நிக்குது?”

“கேட்டுப் பாரேன்.”

“அந்த ஆளுகிட்ட நான் பேசுறதா இல்ல.”

“ஆளு எங்க தெரியுது? பூட்ஸுதானே நிக்குது.”

ஏனோக் மாவைக் கலக்கியபடியே யோசித்தான். மாவு தேவைக்கு மேல் கெட்டியானது. கடைசியில் ஜன்னல் பக்கம் போய்த் தொண்டையைச் செருமினான்.

“ஏ பூட்ஸு.”

பூட்ஸ் ஒரு கால் மாற்றி நின்றது.

“உன்னப் போட்டிருக்கிறவன்கிட்ட ஒரு சேதி சொல்லணும்.”

“சொல்லச் சொல்லு,” என்றது மேலேயிருந்து ஒரு குரல். “பூட்ஸு கேட்டுக்கிட்டுதான் இருக்கு.”

“சனிக்கிழம கடைய நிமிர்த்துறோம். அந்த மூலைக்கு ஜாக்கி வேணும்.”

“இது கேக்குற மாதிரி தெரியல. தண்டோரா போடுற மாதிரி இருக்கு.”

கெஸியா தன் காலால் ஏனோக்கின் காலை மிதித்தாள், கனத்த செருப்பு இல்லாத காலை. ஏனோக் தரையைப் பார்த்தபடி, “தயவு பண்ணி,” என்றான். தரைக்குத்தான் சொன்னான் என்று பின்னாளில் சத்தியம் செய்தான்.

தூறல் கொஞ்சம் வலுத்தது. பூட்ஸ் அசையவில்லை.

“பூட்ஸு வரும்,” என்றது குரல். “ஆனா ஒண்ணு சொல்லிருறேன். இந்தத் தடவ தொப்பி முதல்ல கழலாது.”

“இங்கயும் கழலாது,” என்றான் ஏனோக்.

சனிக்கிழமை வெளுத்த வெயிலும் காற்றும். தெரு முழுக்க ஆள். மணிக்காரி ஹன்னா யேட்ஸ், தன் அப்பாவின் பித்தளை மணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். முன்னால் ஒரு மூலையில் ஏனோக், ஈசான மூலையில் ரூபன். பின்னால் யேட்ஸ் சகோதரர்கள், ஹன்னாவின் பிள்ளைகள். மிஸ்டர் லெதர்பரோ குடையை விரித்தபடி வெயிலில் நின்றார். கெஸியா கடைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பை மூட்டினாள். வந்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவள்தான் பொரிக்க வேண்டும். ஜன்னலில் வழக்கம்போல் பூட்ஸ்கள். அவற்றுக்கு நடுவில், தெருவின் இந்தப் பக்கத்தில், பழுப்புக் காலணி ஒரு ஜோடி. அவள் இரண்டாம் தரம் பார்த்தாள். வளையம் இருந்தது.

முதலில் ரூபன் தனியாகத் திருகினான். மரச்சட்டம் முனகியது. கொழுப்புத் தொட்டி ஒரு முனையிலிருந்து மெல்ல நிரம்பி வந்தது. உருளைக்கிழங்கு முதன்முறையாக ஆழம் கண்டது. கல்லாப்பலகையில் பட்டாணிகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஊர்வலம் போயின. சுவரில் இருந்த படம் இத்தனை வருடமும் நேராகத்தான் தொங்கியது, சுவர்தான் சாய்ந்திருந்தது. இப்போதுதான் சுவர் அதோடு சேர்ந்தது.

“சாய்வு போயிருச்சு,” என்று ஹன்னா கூவினாள். “இனி நாலு பேரும்.”

மணி அடித்தது. கால் சுற்று. மணி. கால் சுற்று.

கெஸியா மீனை மாவில் தோய்த்துத் தொட்டியில் விட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். பூட்ஸ்கள் மெல்லக் கீழே இறங்கின. கணுக்கால் வந்தது, முழங்கால் வந்தது. அவள் அறியாத பாவாடைக் கரைகள், ஒட்டுப்போட்ட கால்சட்டைகள். இடுப்புகள் வந்தன, தபால்காரருக்கு இவ்வளவு தொந்தியா. கைகள் வந்தன, பின்னலூசி பிடித்த கை, குழாய் பிடித்த கை. பிறகு முகங்கள்.

மில்லியின் முகம் நேர் எதிரே வந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட்டாள்? தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. கெஸியா மனதில் அது இன்னும் செம்பட்டையாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் காலணிகளுக்கு மேல் செம்பட்டை முடியைத்தான் அவள் வைத்துப் பார்த்துவந்திருக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். மில்லியும் ஏதோ வித்தியாசத்தைக் கண்டாள் போல. கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

“தெரு ஒசரம் வந்தாச்சு,” என்றார் மிஸ்டர் லெதர்பரோ.

பின்னாலிருந்து யேட்ஸ் சகோதரர்கள் இருவரும் ‘சரி’ என்று கத்தித் தொப்பியைக் கழற்றினார்கள். முன்னால் இரண்டு தொப்பிகளும் அப்படியே இருந்தன.

மணி அடித்தது. கால் சுற்று.

“ஏனோக், போதும்பா,” என்றார் தபால்காரர்.

“அந்த மூலைக்காரன் கழட்டட்டும்.”

“ரூபன், நீயாவது…”

“எனக்கு வேர்க்கவே இல்லையே.”

மணி. கால் சுற்று. மில்லியின் முகம் கீழே போயிற்று. அவள் தொப்பியில் செருகியிருந்த இறகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு எதிர்வீட்டுக் கூரைகள், கால்வாய்க் கொட்டகைகளின் புகை, வானம். பின்னால் யேட்ஸ் சகோதரர்கள் வேதத்தில் இல்லாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே திருகினார்கள், முறை முறைதான். கட்டை அடுக்குகிறவர்களுக்குக் கட்டை தீர்ந்தது. யாரோ ஓடிப்போய் ஆலயத்தின் பழைய பெஞ்சுகளைத் தூக்கிவந்தார்கள். பழைய ஏற்பாட்டில் ஒரு கோபுரம் கட்டினார்களே, அது எப்படி முடிந்தது என்று போதகர் சத்தமாக நினைவுபடுத்தினார். முன்மூலைக்காரர்கள் காதில் அது விழவில்லை. வீடு குலுங்கியது. தொட்டியிலிருந்து கொழுப்பு ஒரு கை தளும்பி நெருப்பின் ஓரத்தில் சீறியது.

 இன்னும் கொஞ்சம் போனால் கட்டை சரியும். கட்டை சரிந்தால் நகரசபை வந்து இடிக்க வேண்டிய வேலை மிச்சம். வெளியே ஓடவும் கூடாது. அவள் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

“மில்லி.”

 இறகு செருகிய தொப்பி நிமிர்ந்தது.

“என்ன?” என்றாள் மில்லி. பல வருடங்களில் அவர்களுக்குள் முதல் வார்த்தை அதுதான்.

“உம் புருஷன் தொப்பியக் கழட்டுவானா?”

“சாகுற வரைக்கும் மாட்டான். உன்னவன்?”

“செத்தாலும் தொப்பியோடதான் பொதைக்கணும்.”

மில்லி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டாள். “அப்ப நாம கழட்டிரலாமா?”

“ஒண்ணா கழட்டணும். ஒரு நொடி முந்தினாலும் இன்னொரு பியானோ கால்வாய்ல விழும்.”

“நீ எண்ணு.”

கெஸியா நீளக் கரண்டியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள். மில்லி ரூபனுக்குப் பின்னால் போய் நின்றாள். “மூணு,” என்றாள் கெஸியா. ஒன்றும் இரண்டும் எண்ணப் பொறுமையில்லை. கொழுப்புச் சொட்டும் கரண்டி ஏனோக்கின் தொப்பியை மீனை எடுப்பது போல அள்ளியெடுத்தது. அதே நொடியில் மில்லியின் கை ரூபனின் தொப்பியைப் பறித்தது. இரண்டு வழுக்கைத் தலைகள் வெயிலில் ஒன்றாக மின்னின. ரூபனுக்கும் வழுக்கை என்பது ஏனோக்குக்கு அன்றுதான் தெரியும்.

ஹன்னா மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

கடை, தெருவுக்கு மேல் ஆள் நெஞ்சு உயரத்தில் நின்றது. ஏணி வைத்துத்தான் மிஸ்டர் லெதர்பரோ ஏறினார். கல்லாப்பலகையில் ரசமட்டத்தை வைத்தார், சாய்ந்தது. அது பழைய சரிவுக்காகக் கால் அறுத்த பலகை. தரையில் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. அவர் தட்டிப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

“இந்த ஊர்ல குமிழி நடுவுல நின்னு நான் பார்த்ததே இல்ல,” என்றார்.  “வாசற்படி தெருவுக்குக் கீழ இருக்கக் கூடாதுங்கறதுதான் விதி. மேல இருக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. நீங்க பொரிங்க, மிஸஸ் ஹல்ஸ்.”

கீழே ஆரவாரம் எழுந்தது. கெஸியா மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள், சுவரில் போய் மோதினாள். இத்தனை வருடம் சரிவில் நடந்த கால் நேர்த்தரையில் நிற்கவில்லை. மேஜை ஒரு பக்கம் மண்டியிட்டு நின்றது. நாற்காலிகள் குடித்தவர்களைப் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கொழுப்புத் தொட்டியில் மீனும் கிழங்கும் எங்கே போவதென்று தெரியாமல் மிதந்தன. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வீடு நேராயிருச்சு. நாங்கதான் கோணலாயிட்டோம்,” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஏணியில் முதலில் ஏறி வந்தது பழுப்புக் காலணி. மில்லி வாசலில் நின்று கடையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது போல. கல்லாவிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துத் தரையில் விட்டாள். பட்டாணி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

“கெஸியா.”

“ம்.”

“இங்க ஒரு பியானோ நிக்கும்.”

கெஸியா நிமிர்ந்து பார்த்தாள்.

“உருளாது,” என்றாள் மில்லி. “இந்த ஊர்ல அது நிக்கிற எடம் இது ஒண்ணுதான்.”

“மீன் வாடை பிடிச்சிருமே.”

“உப்புத் தண்ணியில கெடந்ததுதானே. அதுக்கு மீன் புதுசா?”

அன்று பிற்பகலே தார்ப்பாயை விலக்கினார்கள். ஏனோக் ஒரு முனை, ரூபன் மறுமுனை, நடுவில் யேட்ஸ் சகோதரர்கள். இருவர் தலையிலும் தொப்பி இல்லை. அவை பெண்களிடம் இருந்தன. ஏணியின் பாதியில் மூச்சு வாங்க நின்றார்கள்.

“நீதான் முதல்ல கழட்டின,” என்றான் ரூபன்.

“கரண்டிதான் கழட்டிச்சு. நான் கழட்டல.”

“நானும் கழட்டல.”

“அப்ப யாருக்கும் வேர்க்கல.”

“யாருக்கும் வேர்க்கல,” என்றான் ரூபன், நெற்றியிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு.

ஏனோக் அவனை மேலும் கீழும் பார்த்தான். “அந்தப் பூட்ஸுக்கு மேல ஒரு ஆளும் இருந்திருக்கான்.”

பியானோ தரையில் நின்றது. அசையவில்லை. மில்லி விரலை வைத்தாள். பாதிக் கட்டைகள்தான் பேசின, மீதியில் உப்புப் பூத்திருந்தது. கெஸியா துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து ஒவ்வொரு கட்டையாகத் துடைக்க, மில்லி துடைத்த கட்டைகளை மட்டும் வாசித்தாள். பாட்டு ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பி வந்தது. கீழே தெருவில் மீனைக் காகிதத்தில் வைத்துத் தின்றுகொண்டிருந்தவர்கள், மெல்லுவதை நிறுத்திக் கேட்டார்கள். தபால்காரர் மட்டும் இன்னும் கொஞ்சம் வினிகர் கேட்டார்.

பிறகு வாசலுக்குப் படிகள் கட்டினார்கள். கெஸியா நேராக நடக்கப் பழக அந்தக் கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது. ஜன்னலில் இப்போது பூட்ஸ் தெரிவதில்லை, தொப்பிகளின் உச்சி மட்டுமே தெரிகின்றன. வாடிக்கைக்காரர்களை அவள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்றைப் படிக்கச் சிரமமே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் இறகு செருகிய தொப்பி ஒன்று தெருவின் இந்தப் பக்கமாகவே வரும். படியில் ஒவ்வொரு அங்குலமாக முகமாகும், தோளாகும், கையாகும். பியானோ முன்னால் போய் உட்காரும். அதற்குள் மீன் தொட்டிக்குள் போயிருக்கும்.

கடைசியாக ஒரு தகவல். மார்ல்விச் ஊர் முழுவதும் ஒரே கருங்கல் பாறையின் மேல் இருக்கிறது. அங்கே உப்பு வெளியூரிலிருந்து ரயிலில்தான் வருகிறது. மார்ல்விச் உப்பின் மேல் செய்த ஆணை அதனால்தான் நாக்கைச் சுடவில்லை.